முதலில் மீட்டர் பேசட்டும்

ஏசி சர்வீஸில் கூட்டம் நிரம்பி வழிகிறது. ஐடிஐ முடித்த பையனும் வருகிறான், பிளம்பிங்கிலிருந்து தாவியவரும் வருகிறார். ஏப்ரல், மே இரண்டு மாதம் எல்லோருக்கும் ஓட்டம்தான். மழை பிடித்துவிட்டால் போன் அடிக்காது. அந்த மாதங்களிலும் சம்பாதிக்க நினைப்பவர்கள் பார்க்க வேண்டிய இடம் மாடுலர் கிச்சன். சென்னை ஓஎம்ஆரிலும் கோவை அவிநாசி சாலையிலும் எழும்பும் அபார்ட்மென்ட்களில் கேபினட்டுக்குள் பதித்த பில்ட்-இன் ஓவனைப் பார்ப்பது இப்போது சகஜம். அதைக் கழற்றி, பழுது பார்த்து, ஒரு கீறல் விழாமல் திரும்ப மாட்டத் தெரிந்தவர்கள் குறைவு. ஆள் குறைவாக இருக்கும் இடத்தில்தான் ரேட் பேச முடியும். டிசம்பரில் கேக் போடும் வீடுகளில் ஓவன் மக்கர் பண்ணினால் பேரம்கூடப் பேச மாட்டார்கள்.

அந்த வேலைக்குள் நுழைய ஒரே ஒரு கம்ப்ளைன்ட்டைக் கரைத்துக் குடியுங்கள் என்றால், நான் கூலிங் ஃபேனைத்தான் கைகாட்டுவேன். ஹீட்டிங் எலிமென்ட் போனால் யாரும் மாற்றிவிடுவார்கள். கூலிங் ஃபேன் அப்படி மாட்டாது. கஸ்டமர் சொல்வது ஒன்றாக இருக்கும், பழுது வேறெங்கோ இருக்கும். ஃபேன் நன்றாகச் சுற்றும்போதே ஃபேன் கம்ப்ளைன்ட் வரும். ஃபேன் செத்துக் கிடக்கும்போது "போர்டு போயிடுச்சு" என்று போன் வரும். நான் இன்டர்வியூ எடுத்தால் ஒரே கேள்விதான் கேட்பேன்: "ஓவனை ஆஃப் பண்ணின பிறகும் ஃபேன் ஓடுதுன்னு கஸ்டமர் சொல்றாங்க, என்ன பண்ணுவே?" "தெர்மோஸ்டாட் மாத்திடுவேன் சார்" என்பவரை அனுப்பிவிடுவேன். "எவ்வளவு நேரம் ஓடுதுன்னு முதல்ல கேட்பேன் சார்" என்பவருக்கு நாற்காலி.

1. எந்த ஃபேன் என்று முதலில் முடிவு பண்ணுங்கள்

கன்வெக்‌ஷன் வசதியுள்ள பில்ட்-இன் ஓவனில் இரண்டு ஃபேன். ஓவனின் உள்ளே, பின்சுவரில் துளைத்தட்டுக்குப் பின்னால் இருப்பது கன்வெக்‌ஷன் ஃபேன். சூடான காற்றைக் கேக்கைச் சுற்றிச் சுழற்றுவது அதன் வேலை. கூலிங் ஃபேன் கண்ணுக்கே தெரியாது. ஓவன் பெட்டியின் மேல், தகட்டுக்கு அடியில் நீளமான உருளை பிளோயராகப் படுத்திருக்கும். அறைக் காற்றை உள்ளே இழுத்து, கதவுக்கும் கன்ட்ரோல் பேனலுக்கும் நடுவில் உள்ள சந்து வழியாக வெளியே தள்ளும். சமையலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எலெக்ட்ரானிக் போர்டு, வயரிங், நாப், பக்கத்திலிருக்கும் பிளைவுட் ஆகியவை வெந்து போகாமல் காப்பதுதான் அதன் டியூட்டி.

கஸ்டமருக்கு இரண்டுமே "ஃபேன்". ஆகவே "கேக் ஒரு பக்கம் கருகுதா, இல்ல மேல் பேனல் கை வைக்க முடியாம சுடுதா?" என்று கேளுங்கள். முதலாவது என்றால் கன்வெக்‌ஷன் பக்கம் பாருங்கள். இரண்டாவது என்றால் கூலிங். மேடைமேல் வைக்கும் சின்ன ஓடிஜி என்றால் பெரும்பாலும் கூலிங் ஃபேனே இருக்காது. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஸ்பேர் சொல்லிவிட்டு, பிறகு முழிப்பவர்கள் உண்டு.

2. பாதி வேலையைப் போனிலேயே முடியுங்கள்

கேட்க வேண்டியவை: சத்தம் எப்போது வருகிறது? ஆஃப் செய்த பிறகு எவ்வளவு நேரம் ஓடுகிறது? நடுவில் ஓவன் தானாக அணைந்து, ஆறிய பிறகு தானாக உயிர் பெறுகிறதா? சமீபத்தில் கிச்சனில் கார்ப்பென்டர் வேலை ஏதாவது நடந்ததா?

200 டிகிரியில் ஒரு மணி நேரம் பேக் செய்துவிட்டு அணைத்தால், கூலிங் ஃபேன் இன்னும் 20, 30 நிமிடம் ஓடுவது பல மாடல்களில் சாதாரணம். உள்ளிருக்கும் சூடு அடங்கும் வரை அது ஓடத்தான் வேண்டும். "அம்மா, அது பழுதில்ல. ஆறினதும் தானா நிக்கும். மெயின் ஸ்விட்சை மட்டும் உடனே ஆஃப் பண்ணிடாதீங்க" என்று சொல்லிப் போனை வையுங்கள். விசிட் சார்ஜ் போய்விடுமே என்று மனசு அடித்துக்கொள்ளும். போகட்டும். ஒரு அபார்ட்மென்ட்டின் வாட்ஸ்அப் குரூப்பில் "காசு வாங்காம சொல்லிக் கொடுத்தார்" என்று உங்கள் நம்பர் ஏறினால், அதைவிட மலிவான விளம்பரம் கிடையாது.

"பேக்கிங் பாதியில எல்லாம் ஆஃப் ஆயிடுது தம்பி, கொஞ்ச நேரம் கழிச்சு அதுவா வருது" என்று யாராவது சொன்னால் பேப்பரை எடுங்கள். போர்டு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் கதை இப்படித்தான்: கூலிங் ஃபேன் சுற்றவில்லை, மேல்பகுதி கொதிக்கிறது, சேஃப்டி தெர்மோஸ்டாட் கரன்ட்டைத் துண்டிக்கிறது, ஆறியதும் திரும்பக் கொடுக்கிறது. போர்டு மாற்றினாலும் அடுத்த கேக்கில் அதே கதைதான். அந்த ரிப்பீட் கால் உங்கள் பெயரில்தான் விழும். கம்பெனியில் இருந்தால் உங்கள் ரேட்டிங் இறங்கும், சொந்தமாகச் செய்தால் போர்டுக்கு வாங்கிய காசைத் திருப்பித் தர வேண்டியிருக்கும்.

வாரன்டி இருக்கிறதா என்பதையும் இப்போதே கேளுங்கள். இருந்தால் ஓவனைத் தொடாதீர்கள், கம்பெனியையே கூப்பிடச் சொல்லுங்கள்.

3. கரன்ட்டைக் கொல்லுங்கள், பிறகு நம்பாதீர்கள்

ஓவனின் நாப்பை ஜீரோவில் வைப்பது ஆஃப் ஆகாது. அதற்கென்று உள்ள எம்சிபியைக் கண்டுபிடித்து இறக்குங்கள். 16 ஆம்ப் பிளக் இருந்தால் பிடுங்குங்கள். நியான் டெஸ்டர் எரியவில்லை என்பதை வைத்துக் கை வைக்காதீர்கள். மல்டிமீட்டரை முதலில் உயிருள்ள ஒரு சாக்கெட்டில் வைத்துப் பாருங்கள், 230 காட்டுகிறதா? பிறகு ஓவன் டெர்மினலில் வையுங்கள், ஜீரோவா? மறுபடி அந்த சாக்கெட்டில் வைத்து, மீட்டர் நடுவில் சாகவில்லை என்று உறுதி செய்யுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. பார்த்துக்கொண்டிருக்கும் கஸ்டமருக்கு, வந்திருப்பவர் தொழில் தெரிந்தவர் என்று அந்த ஒரு நிமிடத்திலேயே புரிந்துவிடும்.

கதவைத் திறந்தால் பக்கவாட்டுச் சட்டத்தில் இரண்டு அல்லது நான்கு ஸ்க்ரூ. அவைதான் ஓவனைக் கேபினட்டோடு பிடித்திருக்கின்றன. பில்ட்-இன் ஓவன் 30 கிலோவுக்கு மேல் இருக்கும். தனியாக இழுக்காதீர்கள். ஹெல்பர் இல்லாவிட்டால் அப்பாயின்ட்மென்ட்டைத் தள்ளி வையுங்கள். முன்னால் அதே உயரத்துக்கு ஸ்டூல், அதன்மேல் மடித்த கம்பளி, பிறகு இழுப்பு. கவரைத் திறந்ததும் எந்த லக்கையும் பிடுங்கும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே கவரின் உள்பக்கமோ பின்தகட்டிலோ வயரிங் டயக்ராம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதையும் ஒரு கிளிக். அதைப் படிக்கத் தெரிந்தவர் இன்னொருவருக்கு ஹெல்பராகவே காலம் தள்ள மாட்டார்.

4. விரல், கண், மூக்கு

மீட்டரை எடுக்கும் முன் பிளோயரை விரலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். நல்ல ஃபேன் சில சுற்று சுற்றி நிற்கும். தட்டியதும் நின்றால் புஷ் காய்ந்திருக்கிறது. ஒரே இடத்தில் உரசினால் உருளை ஹவுசிங்கைத் தொடுகிறது. தொடவே விடாமல் இறுகியிருந்தால் உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது. நம் ஊர் கிச்சனில் அந்த "ஏதோ" பெரும்பாலும் பல்லி அல்லது கரப்பான், இல்லையென்றால் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து திரண்ட உருண்டை. பிரஷ்ஷால் துடைத்து, மறுபடி தட்டிப் பாருங்கள். பல வீடுகளில் வேலை இங்கேயே முடிந்துவிடும்.

இங்கே ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். இறுகிய ஃபேனில் டபிள்யூடி-40 அடித்து, சுற்றியதும் பில் போட்டுவிட்டுக் கிளம்புவது. அது துருவை விடுவிக்கும், சூட்டில் பேரிங்குக்கு நிலையான மசகாகாது. தேங்காய் எண்ணெய் இன்னும் மோசம், சூட்டில் பிசினாகிவிடும். தையல் மிஷின் எண்ணெயும் அந்தச் சூட்டைத் தாங்காது. புஷ் தேய்ந்திருந்தால் மோட்டாரை மாற்றத்தான் வேண்டும். கஸ்டமர் "இப்போதைக்கு ஓடினா போதும்பா" என்றால், இது தற்காலிக ஏற்பாடு என்று ஜாப் ஷீட்டில் எழுதி அவர் கையெழுத்தை வாங்குங்கள்.

5. இப்போது மீட்டர்

கூலிங் ஃபேன்களில் பெரும்பாலானவை ஷேடட் போல் மோட்டார். அடுக்கிய இரும்புத் தகடு, ஒரே ஒரு காயில், ஓரத்தில் தடித்த செப்பு வளையம். கெபாசிட்டர் கிடையாது. சீலிங் ஃபேன் மெக்கானிக்காக ஆரம்பித்தவர்களுக்குக் கை தானாகக் கெபாசிட்டரைத் தேடும், இதில் தேட வேண்டாம். இந்த மோட்டாருக்குக் கிளம்பும் பலம் ரொம்பக் குறைவு. அதனால்தான் கொஞ்சம் பிசுக்கு ஒட்டினாலே நின்றுவிடுகிறது, சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் முனகுகிறது.

இரண்டு வயரையும் கழற்றிவிட்டுக் காயிலில் ஓம்ஸ் பாருங்கள். மாடலுக்கு மாடல் மாறும், சில பத்து ஓமிலிருந்து சில நூறு ஓம் வரை வரலாம். மீட்டர் ஓஎல் காட்டினால் காயில் அறுந்துவிட்டது. மோட்டார் மாற்ற வேண்டியதுதான், மேற்கொண்டு ஆராய்ச்சி வேண்டாம். ஓம்ஸ் வந்தால் காயில் அறுபடவில்லை என்று அர்த்தம். அடுத்த கேள்வி: அதற்குக் கரன்ட் போகிறதா?

இது லைவ் டெஸ்ட், முறையாகப் பயிற்சி எடுக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பயிற்சி உள்ளவர்கள் கரன்ட் இல்லாதபோதே ஃபேன் டெர்மினலில் கிளிப் புரோப்பை மாட்டி, கையை எடுத்துவிட்டு, பிறகு எம்சிபியை ஏற்றுங்கள். ஓவனை ஓடவிட்டுச் சூடேறட்டும். 230 வந்தும் சுற்றவில்லை என்றால் மோட்டார். வோல்டேஜே வரவில்லை என்றால் ஃபேனைத் திட்டாதீர்கள், அதற்கு முன்னால் உள்ளதைப் பாருங்கள். சில மாடல்களில் சின்ன வட்டத் தெர்மோஸ்டாட் ஃபேனை ஓட்டும். ஆறியிருக்கும்போது திறந்திருக்கும், சூடானால் மூடிக்கொள்ளும், எத்தனை டிகிரி என்று அதன் உடம்பிலேயே அச்சாகியிருக்கும். கழற்றி, ஹாட் ஏர் கன்னால் சூடாக்கிக் கண்டினியூட்டி பாருங்கள். வேறு மாடல்களில் போர்டில் உள்ள ரிலே ஓட்டும். எது என்று டயக்ராம் சொல்லும்.

எதிர்ப்பக்கக் கம்ப்ளைன்ட்டும் உண்டு: ராத்திரி ஆஃப் செய்த ஓவனில் காலையிலும் ஃபேன் ஓடுகிறது. தெர்மோஸ்டாட்டால் ஓடும் மாடல் என்றால், எம்சிபியை இறக்கி அதன் ஒரு வயரைக் கழற்றி டேப் சுற்றிவிட்டு, கரன்ட் கொடுத்துப் பாருங்கள். ஃபேன் நின்றால் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டுவிட்டது. நிற்கவில்லை என்றால் ரிலே பக்கம் போங்கள்.

ஸ்பேர் கிடைக்கவில்லை என்று சேஃப்டி தெர்மோஸ்டாட்டை ஷார்ட் செய்து ஓவனை ஓட வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்பவரிடம் ஹெல்பராகக்கூட நிற்காதீர்கள். நெருப்புப் பிடித்தால் கடைசியாகத் தொட்டவர் யார் என்றுதான் முதல் கேள்வி வரும்.

6. ஃபேன் நல்லா இருக்கு, ஆனாலும் டிரிப் ஆகிறது

இந்த வேலையிலேயே சுவாரசியமான பகுதி இதுதான். மோட்டார் சுற்றுகிறது, வோல்டேஜ் சரி, தெர்மோஸ்டாட் சரி. ஆனாலும் 40 நிமிடத்தில் அணைகிறது. ஓவனை மேஜையில் வைத்து ஓட்டினால் டிரிப் ஆகவே மாட்டேன் என்கிறது. உள்ளே தள்ளியதும் மறுபடி அதே கம்ப்ளைன்ட்.

கேபினட்டைப் பாருங்கள். ஒவ்வொரு பில்ட்-இன் ஓவனோடும் வரும் இன்ஸ்டலேஷன் ஷீட்டில் பின்னால் எவ்வளவு இடைவெளி, கீழ்ப்பலகையில் எங்கே வெட்டு என்று படம் போட்டிருக்கும். கார்ப்பென்டர் அந்த ஷீட்டைப் பார்த்திருக்க மாட்டார். "பின்னாடி ஓட்டை விட்டா கரப்பான் வரும் சார்" என்று நேர்த்தியாகப் பிளைவுட் அடித்து மூடியிருப்பார், லேமினேட்டும் ஒட்டியிருப்பார். ஓவன் தான் கக்கிய சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். ஃபேன் எவ்வளவு ஓடினாலும் சூடான காற்றைத்தானே சுழற்றும்? பக்கத்துப் பலகையின் எட்ஜ் பேண்ட் உரிந்திருந்தால், உள்பக்க லேமினேட் பழுப்பேறியிருந்தால், கேஸ் அதுதான்.

மீட்டரில் வராத பழுது இது. கண்டுபிடித்தால் உங்கள் மதிப்பு ஏறும். ஆனால் சொல்லும் விதத்தில் கவனம். மாடுலர் கிச்சனுக்கு லட்சக்கணக்கில் கொட்டியவரிடம் "உங்க கார்ப்பென்டர் சொதப்பிட்டார்" என்று ஆரம்பிக்காதீர்கள். மேனுவலைத் திறந்து அந்தப் படத்தைக் காட்டுங்கள், டேப் வைத்து அளந்து காட்டுங்கள், அவரே சொல்லட்டும். வெட்டும் வேலையை நீங்கள் எடுக்காதீர்கள். மரவேலைக்காரர் நம்பர் ஒன்று உங்கள் போனில் இருக்கட்டும், நாளைக்கு அவரும் உங்களுக்குக் கால் அனுப்புவார்.

7. ஸ்பேர் வாங்கும்போது

சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் ஓடுவார்கள். மற்ற ஊர்களில் ஆன்லைன். எங்கே வாங்கினாலும் பழைய மோட்டார் கையில் இருக்கட்டும். பார்க்க வேண்டியது நான்கு: உருளையின் நீளம், மோட்டார் இடது பக்கமா வலது பக்கமா, சுற்றும் திசை, ஸ்க்ரூ துளைகளின் இடம். திசையில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஷேடட் போல் மோட்டார் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பதை அந்தச் செப்பு வளையம் உட்கார்ந்திருக்கும் இடம் தீர்மானிக்கிறது. இரண்டு வயரை மாற்றி மாட்டினால் திசை மாறாது. தவறான திசை மோட்டார் சத்தமாக ஓடும், சந்து வழியாகக் காற்று மட்டும் ஒழுங்காக வராது.

வயர் கருகியிருந்தால் சாதாரண பிவிசி வயர் போடாதீர்கள். சூடு தாங்கும் சிலிக்கோன் அல்லது ஃபைபர் கிளாஸ் ஸ்லீவ் வயர் கேட்டு வாங்குங்கள். இன்சுலேஷன் டேப் சூட்டில் பசை உருகி அவிழ்ந்துவிடும், லக்கைச் சரியாகக் கிரிம்ப் செய்யுங்கள்.

8. கிளம்பும் முன் டிஷ்யூ டெஸ்ட்

மாட்டியதும் ஃபேன் சுற்றுகிறது என்று பில்லை நீட்டாதீர்கள். 200 டிகிரியில் அரை மணி நேரம் ஓட விடுங்கள். கதவுக்கு மேலே உள்ள சந்துக்கு முன்னால் ஒரு டிஷ்யூ பேப்பரைத் தொங்கவிடுங்கள். அது வெளிப்பக்கம் படபடக்க வேண்டும். கஸ்டமரைக் கூப்பிட்டு அவர் கையிலேயே பேப்பரைக் கொடுங்கள். பத்து நிமிட விளக்கத்தைவிட அந்தப் படபடப்பு நம்பிக்கை தரும். பிறகு ஓவனை அணைத்து, ஃபேன் தொடர்ந்து ஓடுவதையும் காட்டுங்கள். இல்லையென்றால் அன்றைக்கு ராத்திரியே "தம்பி, இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு" என்று போன் வரும்.

பழைய பாகத்தை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். ஸ்டூலை எடுத்த இடத்தைத் துடையுங்கள். விசிட், லேபர், ஸ்பேர் மூன்றையும் பில்லில் தனித்தனியாகப் போடுங்கள். மொத்தமாக ஒரு தொகை சொன்னால் ஏமாற்றுகிறார் என்ற எண்ணம் வரும், பிரித்துப் போட்டால் அதே தொகையைக் கேள்வி கேட்காமல் கொடுப்பார்கள். ஜாப் ஷீட்டில் "ஃபேன் மாற்றப்பட்டது" என்று எழுதுவது சோம்பேறித்தனம். "காயில் ஓபன், மோட்டார் மாற்றம், அரை மணி ஓட்டியதில் டிரிப் இல்லை" என்று எழுதுங்கள். புரொமோஷன் நேரத்தில் சூப்பர்வைசர் புரட்டிப் பார்ப்பது இந்த வரிகளைத்தான்.

9. மைக்ரோவேவ் வேறு ஜாதி

"ஓவன் ஃபேன்" என்று கூப்பிட்டுவிட்டுப் போய்ப் பார்த்தால் மைக்ரோவேவ் ஆக இருப்பது அடிக்கடி நடக்கும். அதிலும் கூலிங் ஃபேன் உண்டு, மேக்னட்ரானைக் குளிர்விப்பது அதன் வேலை. அது நின்றால் லைட் எரியும், தட்டு சுற்றும், சில நிமிடத்துக்குப் பிறகு சூடு மட்டும் வராது. மேக்னட்ரானில் உள்ள தெர்மல் கட்-அவுட் திறந்திருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் ஹை வோல்டேஜ் கெபாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கலாம். ஆளைக் கொல்லும் அளவு அது. டிஸ்சார்ஜ் செய்யும் முறையை நேரில் ஒருவரிடம் கற்காதவர் மூடியைத் திறக்கவே கூடாது. வீடியோ பார்த்துக் கற்றது கணக்கில் சேராது. "இது நான் பண்றதில்ல மேடம், பண்றவர் நம்பர் தர்றேன்" என்பதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

10. அடுத்த படி

தொழில் சான்றிதழ் இல்லாதவர்கள் எலெக்ட்ரானிக்ஸ் செக்டார் ஸ்கில்ஸ் கவுன்சிலின் ஹோம் அப்ளையன்ஸ் ஃபீல்டு டெக்னீஷியன் கோர்ஸைப் பாருங்கள். ஐடிஐயில் கன்ஸ்யூமர் எலெக்ட்ரானிக்ஸ் அப்ளையன்ஸ் மெக்கானிக் டிரேடும் இருக்கிறது. சான்றிதழ் இன்டர்வியூ வரை கொண்டுபோகும். அதற்கு மேல் உங்கள் சொந்த நோட்டுதான். மாடல் நம்பர், அறிகுறி, மீட்டர் ரீடிங், கடைசியில் கிடைத்த காரணம், நான்கையும் ஒவ்வொரு காலுக்கும் எழுதி வையுங்கள். நல்ல மோட்டாரில் எவ்வளவு ஓம்ஸ் வந்தது என்பது எந்த மேனுவலிலும் சுலபத்தில் கிடைக்காது, உங்கள் நோட்டில் கிடைக்கும். இந்த நோட்டைக் கூட்டாளிக்குக்கூட இரவல் கொடுக்காதீர்கள்.

வேலை முடிந்து ஒரு வாரம் கழித்து "ஓவன் எப்படி இருக்கு மேடம்?" என்று ஒரு மெசேஜ் போடுங்கள். ஓவன் இருக்கும் வீட்டில் சிம்னியும் ஹாபும் பெரும்பாலும் இருக்கும், டிஷ்வாஷரும் இருக்கலாம். "நல்லா இருக்கு" என்று பதில் வந்த கையோடு சிம்னி சர்வீஸ் கடைசியாக எப்போது நடந்தது என்று கேளுங்கள்.